எல்லப்பன் ஏற்றிய விமானம்

மண்ணூரில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு எல்லப்பன் மாமாவுடையது. யார் வீட்டுக்குப் போனாலும் அவர் முதலில் முடிச்சுகளைத்தான் பார்ப்பார். கொடிக் கயிறு, கல்யாணப் பந்தலின் கால், சைக்கிள் கேரியரில் கட்டிய அரிசி மூட்டை என்று எதுவானாலும் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். பிடிக்கவில்லை என்றால் அவிழ்த்துத் தானே கட்டிவிடுவார். எங்கள் கொடிக் கயிற்றை அவர் கட்டிய பிறகு யாராலும் அதை அவிழ்க்க முடியவில்லை. பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது கயிற்றுக்கும் சேர்த்து அடித்தோம்.

1991-இல் அவருக்கு வயது முப்பத்தெட்டு. நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் செக்‌ஷனில் வேலை. இயந்திர பாகங்களை மரப்பெட்டிக்குள் வைத்து, அசையாதபடி கட்டை கொடுத்து, மேலே இரும்புப் பட்டை போட்டு இறுக்க வேண்டும். பத்து வருடத்துக்கு மேலாக அதே வேலை. ஆனால் காகிதத்தில் பார்த்தால் எந்த வேலையும் பதினொரு மாதத்துக்கு மேல் நீடித்ததில்லை. ஒவ்வொரு பதினோராம் மாதக் கடைசியிலும் காண்ட்ராக்டர் கேட் பாஸை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்புவார். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டுப் புதிய பாஸ் கொடுப்பார். புதிய பாஸில் பழைய போட்டோவே ஒட்டியிருக்கும். அதில் மாமாவுக்கு மீசை இருந்தது. மீசையை எடுத்து ஆறு வருடம் ஆகிறது.

இதற்கு முன்பு அவர் ரயில்வேயில் தினக்கூலி கலாசி. தூக்குவது, தள்ளுவது, கட்டுவது எல்லாம் கலாசி வேலை. தொடர்ந்து நூற்றிருபது நாள் வேலை செய்த தினக்கூலிக்கு நிரந்தர வேலைக்கான பட்டியலில் இடம் கேட்க உரிமை உண்டு. இந்த விதி எல்லோருக்கும் தெரியும் என்பதால் நூற்றுப் பதினைந்தாம் நாளை ஒட்டிப் பலருக்கு வேலை நின்றுவிடும். மாமாவிடம் ஒரு மஞ்சள் கார்டு இருந்தது. அதன்படி அவர் வேலை செய்தது நூற்றுப் பதிமூன்று நாள். கடைசிப் பதிவு 1979 ஜூன் 22.

அதற்குப் பிறகு அவர் இன்னும் ஏழு நாள் வேலை செய்தார். கல்லேரி சைடிங் என்று ஓர் இடம். பிரதான பாதையிலிருந்து பிரிந்துபோகும் ஒற்றைத் தடம், அதன் கடைசியில் ராணுவத்துக்குச் சொந்தமான ஒரு மேடை. முப்பது கலாசிகளை லாரியில் அங்கே அழைத்துப் போனார்கள். ராணுவ விமானங்களை ரயில் வேகன்களில் ஏற்றிக் கட்டும் வேலை. ஏழு நாள் முடிந்து எட்டாம் நாள் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த ஏழு நாளும் கார்டில் ஏறவில்லை.

பழைய தினக்கூலிகளின் கடைசிப் பட்டியல் டிசம்பரோடு முடிகிறது, அதன் பிறகு மனு எதுவும் ஏற்கப்படாது என்று 1991 ஜூலையில் ரயில்வேயிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. நான் அப்போதுதான் நாலு வருடம் எங்கெங்கோ சுற்றிவிட்டு ஊர் திரும்பியிருந்தேன். எனக்கு வேலை இல்லை, ஆங்கிலம் இருந்தது. படித்துச் சொன்னேன். மாமா கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டே கேட்டார்.

"ஜோதி, நாளைக்கு சும்மாதான கீற? மெட்ராஸ் வரைக்கும் வந்துட்டு வாயேன்."

ரயில்வே அலுவலகத்தில் இந்த மனுக்களைப் பார்த்த வெல்ஃபேர் இன்ஸ்பெக்டரின் பெயர் தாவீது. ஐம்பதைத் தாண்டியவர். எதிரே நிற்பவரை ஏறிட்டுப் பார்ப்பதற்கு முன் அவருடைய கார்டைப் பார்த்துவிடுவார்.

"நூத்திப் பதிமூணுதான்பா இருக்கு."

"ஆமா சார். மீதி ஏழு கல்லேரி சைடிங்ல."

"அந்த ஏழு நாள் வருகைப் பதிவு, மஸ்டர் ரோல்?"

"அது உங்ககிட்ட கீதுன்னு மிலிட்டரில சொல்லிட்டாங்க சார்."

"அவங்ககிட்ட இருக்குன்னு நாங்க சொல்றோம்" என்றார் தாவீது. "கல்லேரின்னு சொல்லிக்கிட்டு உனக்கு முன்னால மூணு பேர் வந்தாங்க. மூணு பேரும் ஏரோப்ளேனை அப்படி வர்ணிச்சாங்க. ரெக்கை இவ்ளோ நீளம், மூக்குல சிவப்புப் பெயிண்ட்டுன்னு. ஒருத்தர் பைலட்டுக்குக் கை குடுத்தாராம். சரிப்பா, வேகன்ல எப்படிக் கட்டினீங்கன்னு கேட்டேன். கயிறு போட்டுக் கட்டினோம்னாங்க."

"கயிறா?" என்றார் மாமா. தன்னைத்தான் யாரோ திட்டிவிட்டது போல அவர் முகம் சுருங்கியது.

"அப்ப நீ சொல்லு."

மாமா சொன்னார். என் குடையை விமானமாகவும் மேசை மேலிருந்த நீளமான ரூல்தடியை வேகனாகவும் வைத்துக்கொண்டு சொன்னார். எங்கே கட்டை, எங்கே கம்பி, எந்தக் கம்பி எதற்குக் குறுக்கே போகும் என்று கையால் காட்டினார். பாதியில் குடை விரிந்துகொண்டது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் இரண்டடி நகர்ந்தார்கள்.

"விளங்கலப்பா. வரைஞ்சு எடுத்துட்டு வா."

"வரையத் தெரியாது சார்."

"அப்ப செஞ்சு எடுத்துட்டு வா" என்று எரிச்சலாகச் சொல்லிவிட்டு அடுத்த கார்டுக்குக் கை நீட்டினார் தாவீது.

"எத்தினி நாள்ல சார்?"

தாவீது அப்போதுதான் மாமாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கோப்பை மறுபடி திறந்து ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். தலைகீழாக இருந்தாலும் என்னால் படிக்க முடிந்தது. மனுதாரர் மாதிரி வடிவம் ஒன்றைக் கொண்டுவந்து செய்துகாட்டுவார், அக்டோபர் 21.

வீட்டுக்கு வந்ததும் மாமா ஒரு கஜத்துக்கு அரை அங்குலம் என்று அளவு வைத்துக்கொண்டார். வேகன் நாற்பத்தைந்து அடி, அதாவது பதினைந்து கஜம். மாதிரி ஏழரை அங்குலம். தண்டவாளத்துக்கு பேக்கிங் பட்டையையே நறுக்கி, மரச்சட்டத்தில் ரம்பத்தால் கீறிய பள்ளங்களில் நிமிர்த்திச் செருகினார். தடம் மொத்தம் ஆறடி. பஸ்ஸில் கொண்டுபோக வசதியாக மூன்று துண்டு. நடுத்துண்டு வளைவு, ஏனென்றால் கல்லேரியில் மேடையை விட்டுக் கிளம்பியதும் ஒரு வளைவு இருந்தது. இருபத்து நான்கு சக்கரங்களைத் தொழிற்சாலையின் லேத்தில் ஒருவர் சாப்பாட்டு நேரத்தில் கடைந்து கொடுத்தார். எதற்கு என்று அவர் கேட்டதற்கு, ரயில்வே வேலைக்கு என்று மாமா சொன்னார். பொய் இல்லை.

இந்த வேலைக்குத் துணை நின்றவர் கன்னியப்பன். மாமாவின் மனைவி சந்திரம்மாள் அத்தைக்குத் தம்பி. வேறொரு கம்பெனியில் பெயிண்ட் ஷாப்பில் இருந்தார். முதல் ஞாயிற்றுக்கிழமையே ஒரு காலண்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். அதில் மேகத்துக்கு மேலே ஒரு போர் விமானம் பறந்துகொண்டிருந்தது.

"மாமா, இத்தப் பாரு. சும்மா இன்னா மாதிரி கீது! இத்தயே செஞ்சிரலாம்."

"இத்த நான் பாத்ததே இல்ல மச்சான்."

"நீதான ஏத்துன?"

"தார்ப்பாயோட வந்துச்சு. தார்ப்பாயோட ஏத்துனோம். தார்ப்பாயோட போச்சு."

"ஏழு நாள்ல ஒரு தபாகூட தூக்கிப் பாக்கலியா?"

"ஜவான் நின்னுக்கினு இருந்தான்."

"அப்ப உள்ள கீறது ஏரோப்ளேன்தான்னு இன்னா கியாரண்டி? பூசணிக்காயா இருந்தா?"

மாமா இதைக் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தார். "பூசணிக்காய்க்கு எதுக்கு ரெக்க தனிப் பொட்டில வருது?" என்றார்.

உண்மையில் ரயிலில் போகும் விமானத்துக்கு இறக்கை இருக்காது. கழற்றி நீளப் பெட்டிகளில் அடைத்து வேறு வேகனில் அனுப்புவார்கள். வேகனில் ஏறுவது உடல் மட்டும். அந்த உடலையும் மாமா கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் தார்ப்பாய்க்கு மேலே கையால் ஏழு நாள் தொட்டிருந்தார். எந்த இடம் கெட்டி, எங்கே கை வைத்தால் ஜவான் கத்துவான், எந்தப் பக்கம் கனம், எங்கே திடீரென்று மெலிகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நீளத்தையும் ஓரமாக நடந்து காலால் அளந்திருந்தார். ஐம்பது அடிக்குக் குறையாது. அந்த நினைவை வைத்து ஒரு முருங்கைக் கட்டையைச் செதுக்கினார். முன்பக்கம் குடைந்து இரண்டு நட்டுகளைப் போட்டு அடைத்துக் கனமாக்கினார். முடித்தபோது அது விமானம் போலவும் இல்லை, வேறு எது போலவும் இல்லை.

"நான் வேண்ணா ஒரு மூக்கு வரையட்டா?" என்றார் கன்னியப்பன்.

"கிட்ட வராத."

தார்ப்பாய் தைத்தது சந்திரம்மாள் அத்தை. கிழிந்த குடைத் துணியை வெட்டி, மாமா சொன்ன இடங்களில் மடிப்பு வைத்து, மூன்று தடவை பிரித்துத் தைத்தார்.

"உள்ள கீறது கட்ட. அதுக்கு அளவெடுத்து சட்ட. எனக்கு ஒரு ஜாக்கெட்டுக்கு இப்பிடி நின்னு பாத்துக்கிறியா நீ?"

"தோள்பட்ட கிட்ட சுருக்கம் விழுது பாரு."

"அதுக்குத் தோள்பட்ட வேற கீதா!"

துணிக்குக் கன்னியப்பன் ராணுவப் பச்சை அடித்தார். கம்பிக்கு எரிந்துபோன மோட்டாரிலிருந்து எடுத்த செம்புக் கம்பியை மூன்று புரியாக முறுக்கிக்கொண்டார்கள். சரக்கு அசையாதபடி அண்டக் கொடுக்கும் கட்டைகள் தீக்குச்சியில். எல்லாம் ஆன பிறகும் கன்னியப்பனுக்கு ஒரு குறை இருந்தது. மூன்று வேகன்களில் நடு வேகனில்தான் சரக்கு. முன்னாலும் பின்னாலும் இருந்தவை காலி.

"இதுங்க ரெண்டும் எதுக்கு?"

"சரக்கு ஐம்பதடி, வேகன் நாப்பத்தஞ்சு. ரெண்டு பக்கமும் நீட்டிக்கினு நிக்கும். நீட்டிக்கினு கீறது பக்கத்து வேகன் சரக்குல இடிக்கக்கூடாதுன்னு காலி வேகனா மாட்டுவாங்க. டம்மின்னு பேரு."

"காலியா பாத்தா நல்லால்ல. நான் ரெண்டு பீரங்கி செஞ்சு வெக்கிறேன்."

"டம்மில ஒண்ணும் வெக்கக்கூடாது. அதுக்குத்தான் டம்மி."

"வேலையே செய்யாம கூடவே வரும். எங்க சூப்பர்வைசர் மாதிரின்னு சொல்லு."

ஆயுத பூஜை அந்த வருடம் அக்டோபர் நடுவில் வந்தது. வண்டி என்றால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் எடுக்கக்கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார். எலுமிச்சம்பழம் வேகனைவிட உயரமாக இருந்தது. எல்லாவற்றையும் அளவுப்படி செய்துவிட்டு இதை மட்டும் ஏன் விட வேண்டும் என்று மாமா கணக்குப் போட்டார். கஜத்துக்கு அரை அங்குலம் என்றால் பழம் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூட வர வேண்டும். கடுகு பெரிதாகிவிட்டது. கசகசாவும் கொஞ்சம் பெரிதுதான், ஆனால் அதைவிடச் சிறியது வீட்டில் இல்லை. அத்தை கற்பூரம் காட்டினார். வண்டி நாலு கசகசாவின் மேல் ஏறி இறங்கியது. நசுங்கியதா என்று தெரியவில்லை.

இருபத்தொன்றாம் தேதி காலை நாங்கள் பெட்டியோடு கிளம்பினோம். அந்த வருடம் மே மாதம் குண்டு வெடித்ததற்குப் பிறகு எங்கள் பக்கத்து ரோட்டில் பெரிய பெட்டியோடு யாரும் சும்மா போக முடியாது. தண்டலம் கூட்டு ரோட்டில் பஸ்ஸை நிறுத்தி ஏறிய கான்ஸ்டபிள் நேராக எங்களிடம் வந்தார்.

"இன்னா இது?"

"ஏரோப்ளேன் சார்" என்றார் மாமா. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது அவர் வழக்கம்.

எங்களைக் கீழே இறக்கினார்கள். பஸ் போய்விட்டது. பெட்டியைத் திறந்து தார்ப்பாயை அவிழ்த்துப் பார்த்த கான்ஸ்டபிள் வெகுநேரம் அந்தக் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏரோப்ளேன்னியே. கட்ட கீது?"

"நான் பாத்ததில்ல சார்."

"பாக்காம எப்படிய்யா செஞ்ச?"

மாதிரியோடு வரச் சொல்லி ரயில்வேயிலிருந்து வந்திருந்த கடிதத்தை எடுத்துக் காட்டினேன். அவர் அதை இரண்டு பக்கமும் படித்துவிட்டு, கட்டையைத் தானே தார்ப்பாயில் சுற்றிக் கொடுத்தார். சரியாகச் சுற்றவில்லை. அடுத்த பஸ் வருவதற்குள் மாமா அதைப் பிரித்து மறுபடி சுற்றினார்.

அலுவலகத்தில் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு மூன்று துண்டுத் தடத்தையும் பொருத்தினோம். செய்தி பரவிப் பக்கத்து அறைகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கட்டியிருந்ததை எல்லாம் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து கட்டிக் காட்டச் சொன்னார் தாவீது. மாமா முக்கால் மணி நேரம் கட்டினார். முதலில் கட்டைகள், பிறகு தார்ப்பாய், பிறகு குறுக்குக் கம்பிகள். ஒவ்வொன்றையும் குச்சி செருகி முறுக்கி இறுக்கினார். அவர் வேலை செய்யும்போது பேசுவதில்லை. 

"உள்ள என்ன விமானம்ப்பா?" என்று ஒரு கிளார்க் கேட்டார்.

"தெரியாது சார். மூடித்தான் வந்துச்சு."

"தூக்கு, பாக்கலாம்."

"தூக்க வேணாம்" என்றார் தாவீது. அவர் குனிந்து பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெலிந்த வால் நடு வேகனைத் தாண்டிக் காலி வேகனின் மேல் நீட்டிக்கொண்டிருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தார். லேசாக ஆடியது. "எல்லாத்தையும் கட்டிட்டு வாலை மட்டும் சும்மா விட்டுட்ட. டம்மியோட சேத்து அதையும் கட்டு."

"வேணாம் சார்."

"ஏன்?"

"வேணாம் சார்."

"அட, கட்டுப்பா."

மாமா ஒரு கம்பியை எடுத்து வாலைக் காலி வேகனோடு கட்டினார். அதையும் நன்றாகவே கட்டினார். இன்ஜினுக்குப் பதிலாக முன் வேகனில் ஒரு நூல் இருந்தது. தாவீது நூலைப் பிடித்து இழுத்தார். நேர்ப்பாதையில் மூன்றும் ஒழுங்காக வந்தன. வளைவுக்குள் நுழைந்ததும் வால் ஒரு பக்கம் போகப் பார்த்தது, காலி வேகன் இன்னொரு பக்கம் போகப் பார்த்தது. கம்பி விறைத்தது. காலி வேகனின் ஒரு பக்கத்துச் சக்கரங்கள் தண்டவாளத்தை விட்டு மெதுவாக எழும்பின. வேகன் சாய்ந்து மேசையில் விழுந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். தாவீது சிரிக்கவில்லை.

"விழும்னு உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. நான் முப்பது வருசமா ரயில்வேல இருக்கேன், எனக்குத் தெரியல. உனக்கு யார் சொன்னா?"

மாமா விழுந்த வேகனை எடுத்துத் தடத்தில் வைத்து, எட்டுச் சக்கரமும் உட்கார்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார்.

"யாரும் சொல்லல சார். அன்னிக்கு வாலக் கட்டுனது நான்தான்."

நாலாம் நாள் நடந்தது அது. மேஸ்திரி டீ குடிக்கப் போயிருந்தார். வால் சும்மா ஆடிக்கொண்டிருந்தது மாமாவுக்குப் பொறுக்கவில்லை. ஊரில் நீளமான பனைமரத்தை முன்னும் பின்னுமாக இரண்டு மாட்டு வண்டியில் ஏற்றினால் பின் வண்டியோடும் சேர்த்துத்தான் கட்டுவார்கள். அதே மாதிரி கட்டினார். இன்ஜின் வந்து இழுத்தது. வளைவில் காலி வேகன் தடத்தை விட்டு இறங்கியது. விமானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, கம்பி அறுந்துவிட்டது. ஜாக்கி வைத்து வேகனைத் தூக்கித் தடத்தில் வைக்க மூன்று மணி நேரம் ஆனது. ஏழாம் நாள் இரண்டு அதிகாரிகள் வந்து விசாரித்தார்கள். மேஸ்திரி தமிழில் ஏதோ எழுதினார், மாமா கையெழுத்துப் போட்டார். மறுநாள் முப்பது பேரையும் அனுப்பிவிட்டார்கள். தன்னால்தான் அனுப்பினார்கள் என்று மாமா நினைத்துக்கொண்டார். யாரிடமும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை.

தாவீது மற்றவர்களை எல்லாம் அவரவர் இடத்துக்குப் போகச் சொன்னார்.

"வேகன் தடம் புரண்டா அதுக்குன்னு தனி ஃபைல் போடுவாங்க. அது வேற டிபார்ட்மெண்ட். மஸ்டர் ரோல் மாதிரி தொலையாது. அதுல உன் பேர் இருந்தா நீ கல்லேரில இருந்தேங்கிறது ருஜு. ஆனா எதுக்காகப் பேர் இருக்கும்னு புரியுதா?"

"புரியுது சார்."

"தப்பு செஞ்சதுக்காக நீக்கினோம்னு எழுதியிருந்தா இந்தப் பட்டியல்ல மட்டும் இல்ல, எந்தப் பட்டியல்லயும் உனக்கு இடம் கிடையாது. ஃபைலை வரவழைக்கட்டுமா? வேணாம்னா நூத்திப் பதிமூணுன்னு எழுதி மூடிடுறேன். உன் கம்பெனில யாருக்கும் எதுவும் தெரியப்போறதில்ல. யோசிச்சுச் சொல்லு."

மாமா செம்புக் கம்பித் துண்டுகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டார். தடத்தைக் கழற்றினார். மூன்று துண்டையும் அடுக்கி மூடினார். பிறகு என்னைப் பார்த்து, "ஜோதி, வரவழைக்கச் சொல்லி எழுதிக் குடு" என்றார்.

எழுதினேன். என்னால் நிகழ்ந்த தடம்புரளல் குறித்த கோப்பைத் தேடியெடுத்துப் பரிசீலிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அப்படி ஒரு மனுவை இதுவரை வாங்கியதில்லை என்றார் தாவீது. பெற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்திக் கொடுத்தார்.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் அத்தை அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பத்து வருசமா உன்கூடக் குடும்பம் நடத்துறேன். ஒரு ரயிலயே கவுத்துட்டு ஒரு வார்த்த சொன்னியாய்யா?"

"ரயில் இல்ல. ஒரு வேகன். அதுவும் காலி வேகன்."

"இப்ப எதுக்கு நீயே போயி வாயக் குடுத்த? அவுரு வேணாம்னா உட்டுர்றேன்னுதான சொன்னாரு?"

"உட்டா நூத்திப் பதிமூணுதான்."

"நீக்கிட்டோம்னு வந்தா?"

"வந்தா வருது. திருப்பியும் கேட் பாஸ்தான்."

அத்தை எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தார். அதற்குப் பிறகு டிசம்பர் வரை இதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசவில்லை. கன்னியப்பன் மட்டும் வெளியே பேசினார். முதல் வாரம் ஒரு வேகன் கவிழ்ந்தது. அடுத்த வாரம் அது முழு ரயிலாகிவிட்டது. கார்த்திகை தீபத்துக்குள் இரண்டு விமானங்கள் எரிந்து போயிருந்தன. டீக்கடையில் மாமாவுக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். அவர் உட்காராமல் நின்றபடியே குடித்துவிட்டு வருவார்.

டிசம்பர் முதல் வாரம் வரச் சொல்லித் தபால் கார்டு வந்தது. தாவீதின் மேசையில் மூன்றே தாள் கொண்ட ஒரு கோப்பு இருந்தது. அவர் வாய்விட்டுப் படித்தார். முதல் தாள், 1979 ஜூன் 26, சம்பவம், வேகனைத் தூக்கி நிறுத்தியவர்களின் பெயர்கள். பதினோரு பெயரில் எல்லப்பன் மூன்றாவது. எங்களுக்கு முன்னால் வந்த மூன்று பேரில் ஒருவருடைய பெயரும் அதில் இருந்தது. பைலட்டுக்குக் கை கொடுத்தவர். அவருக்கும் கடிதம் போட்டாயிற்று என்றார் தாவீது.

இரண்டாம் தாள் ஜூன் 29, மாமாவின் வாக்குமூலம். மேஸ்திரியின் கையெழுத்தில் அது இப்படித் தொடங்கியது. எல்லப்பனாகிய நான் ஏழு நாளாக இந்த சைடிங்கில் சரக்குக் கட்டும் வேலை செய்துவருகிறேன். நாலாம் நாள் யாருடைய உத்தரவும் இல்லாமல் வாலைக் கட்டியது நானே. கீழே மாமாவின் கையெழுத்து, அதற்குக் கீழே சாட்சியாக இரண்டு அதிகாரிகளின் கையெழுத்து.

"ஏழு நாளா" என்று தாவீது அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். "உனக்கு ரெண்டு ஆபீசர் சாட்சி. இவ்ளோ நல்ல ருஜு இந்த வருசம் எனக்கு யார்கிட்டயும் வரல."

"மூணாவது தாள் சார்?" என்று கேட்டேன்.

மூன்றாம் தாளில் இந்தத் தொழிலாளியை நீக்கலாம் என்று பரிந்துரை இருந்தது. அப்படியே செய்க என்று மேலதிகாரி எழுதியிருந்தார். 

"தேதியைப் பாரு" என்று தாவீது கோப்பை என் பக்கம் திருப்பினார். 1979 செப்டம்பர் 11.

"ஜூன் முப்பதுலேர்ந்து இவர் வேலையிலயே இல்ல. இல்லாத ஆளை எப்படி நீக்குறது? நீக்கின உத்தரவு யாருக்கும் போய்ச் சேரவும் இல்ல. கமிட்டில நான் இதைச் சொல்லுவேன். அவங்க ஒத்துக்குவாங்களான்னு சொல்ல முடியாது."

அடுத்த வாரம் கூடிய பட்டியல் கமிட்டியில் மூன்று அதிகாரிகள். மாமாவை உள்ளே கூப்பிட்டு நாலே நிமிடத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இன்னா மாமா கேட்டாங்க?" என்றேன்.

"இப்ப கட்டச் சொன்னா வாலக் கட்டுவியான்னாங்க. யார் சொன்னாலும் கட்ட மாட்டேன்னேன்." வராந்தாவில் நாலடி நடந்துவிட்டு நின்றார். "தாவீது சார் சொன்னப்ப கட்டுனேனே. அத்த அவரு உள்ள சொல்லிட்டாருன்னா?"

தாவீது சொல்லவில்லை. அல்லது சொல்லியும் அவர்கள் பொருட்படுத்தவில்லை. இருபதாம் தேதி பட்டியல் ஒட்டினார்கள். அறுபத்து நாலாவது பெயர், எல்லப்பன், மண்ணூர். மாமா பட்டியலைத் தொடாமல் விரலால் காற்றில் கோடு இழுத்து, பெயருக்கு நேரே எண்ணையும், எண்ணுக்கு நேரே பெயரையும் இரண்டு தடவை சரிபார்த்தார். என்னையும் ஒரு தடவை பார்க்கச் சொன்னார். வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னபோது, "நெசமாவா?" என்று கேட்டுவிட்டு அத்தை அழுதார். கன்னியப்பன் பட்டாசு வாங்கக் கிளம்பினார். தீபாவளி முடிந்து ஒன்றரை மாதமாகியிருந்ததால் எங்கேயும் கிடைக்கவில்லை.

முப்பதாம் தேதி ஒரு சரக்குக் கிடங்கில் கலாசியாகச் சேர்ந்தார். அன்று காலை அலுவலகத்தில் அவருக்கென்று ஒரு சர்வீஸ் ரிஜிஸ்டர் திறந்தார்கள். கிளார்க் முதல் பக்கத்தில் பெயர், தகப்பனார் பெயர், மச்ச அடையாளம் எல்லாம் எழுதினார். அடுத்த பக்கத்தைத் திருப்பி ஆங்கிலத்தில் மூன்று வரி எழுதிவிட்டு, இதற்குக் கீழேயும் கையெழுத்து வேண்டும் என்றார்.

"இன்னா எழுதிக்கிறாங்க, படி ஜோதி" என்றார் மாமா.

படித்துத் தமிழில் சொன்னேன். 26-6-79 அன்று அனுமதியின்றி வாலைக் கட்டி வேகன் தடம் புரளக் காரணமாக இருந்ததற்காக மேற்படி ஊழியர் எச்சரிக்கப்படுகிறார். இனிமேல் கவனமாக நடந்துகொள்ள வேண்டும்.

"ஊழியர்னுதான் எழுதிக்கிறாங்களா?"

"ஆமா மாமா."

அவர் பேனாவை வாங்கிக்கொண்டார். உடனே கையெழுத்துப் போடவில்லை. கிளார்க்கைப் பார்த்து, "இது எத்தினி நாளைக்கு சார் இருக்கும்?" என்று கேட்டார்.

"எச்சரிக்கையா? அது எங்க போகும்? நீ ரிட்டயர் ஆகுற வரைக்கும் இருக்கும்."

"இருக்கட்டும் சார்" என்று சொல்லிவிட்டு மாமா குனிந்து கையெழுத்துப் போட்டார்.